முட்டித் திண்டு

எங்கள் கல்லூரியில் எந்தப் பொருளைக் கவிழ்த்தாலும் அடியில் வெள்ளை பெயிண்டில் ஓர் எண் இருக்கும். நாற்காலி, வாளி, குப்பைக்கூடை, சுவர்க்கடிகாரம், எதுவானாலும் சரி. எழுதியது நான். முப்பது வருடமாக ஸ்டோர் கீப்பர். பேராசிரியர்கள் புத்தகம் எழுதினார்கள், நான் நாற்காலிக்கு அடியில் எழுதினேன். அவர்கள் எழுதியதை எத்தனை பேர் படித்தார்களோ தெரியாது, நான் எழுதியதன்மேல் இந்த ஊரில் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த வேலையால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். ஒருமுறை சம்பந்தி வீட்டில் காபிக் கோப்பையைக் காபியோடு தலைக்குமேல் தூக்கிப் பார்த்து, வீட்டுக்கு வந்து மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். என் பழக்கம் ஒரு தாயையும் மகளையும் பிரித்துவைத்தது. அந்தத் தாயைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் வழுக்கும்மா. இரண்டாம் மாடியைத் துடைப்பவள். ஈரத்தில் யாராவது கால் வைக்கப் போனால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வழுக்கும், வழுக்கும்" என்று குரல் கொடுப்பாள். துணைவேந்தர் வந்தாலும் அதே குரல்தான். நீளக் குச்சி வைத்த துடைப்பானை நான் எத்தனையோ முறை கொடுத்துப் பார்த்தேன். அதை மூலையில் சாத்திவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"குச்சி வச்சுத் துடைச்சா மூலை அப்படியே கிடக்கும் சார். அப்புறம் எறும்பு வந்து என்னைத்தான் கேள்வி கேக்கும்" என்பாள்.

பதினோரு வருடம் அப்படி முட்டி போட்டதில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பாள். அதற்காக ஒரு திண்டு தைத்து வைத்திருந்தாள். உள்ளே கிழிந்த துடைதுணிகளைச் சுருட்டி அடைத்து, மேலே கருநீலத் துணி போட்டுத் தைத்தது. மகளின் பள்ளிச் சீருடை குட்டையாகிப் போனதும் அதை வெட்டித் தைத்தாளாம். அப்படி இரண்டு இருந்தன. புதியது கல்லூரிக்கு, பழையது வீட்டுக்கு. ஒருநாள் பெயிண்ட் டப்பாவும் கையுமாக நின்ற நான், "இதுக்கும் ஒரு எண் போட்டுடட்டுமா?" என்று கேட்டேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "அது எங்க வீட்டோடது சார். உங்க பிரஷ்ஷை அந்தப் பக்கம் கொண்டு போங்க."

கணவன் இருந்தான். வேறொரு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டான். எங்கள் ஸ்டோரில் பழுது பார்க்க முடியாத சாமான்களைப் பட்டியலிலிருந்து நீக்க 'உடைசல்' என்று ஒரு நோட்டு உண்டு. அவள் அதைக் காட்டி, "எங்க வீட்டுக்காரரையும் இதுல ஏத்திடுங்க சார்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

மகளுக்கு எங்கள் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. சிபாரிசு கிடையாது, சொந்த மதிப்பெண்ணில் வந்தாள். அந்தச் செய்தியைச் சொல்ல வந்த தாய் ஸ்டோர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன் சார். அவ எம் பொண்ணுன்னு இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"ஏம்மா, பெருமையான விஷயம்தானே?"

"கேன்டீன்காரர் பொண்ணை மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. கேன்டீன் சமையல்காரரின் மகள் எங்களிடம்தான் படித்தாள். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் வகுப்பே அவளைத் திரும்பிப் பார்க்கும். "இன்னிக்கு என்ன ஸ்பெஷல்?" என்று கேட்பார்கள். அடித்தவர் இல்லை, திட்டியவர் இல்லை, எல்லாம் வேடிக்கைதான். இரண்டாம் வருடம் பாதியில் நின்றுவிட்டாள். அவள் கழிவறையில் அழுத நாட்களில் வெளியே வாளியோடு காத்து நின்றவள் வழுக்கும்மா.

எனவே சட்டம் போட்டாள். தாய் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவாள், மகள் எட்டு மணிப் பேருந்தில் வருவாள். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் பேச்சு கிடையாது. மகளுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. முதல் நாளே படிக்கட்டில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டாளாம். இவள் தலையைத் தூக்காமல், "வழுக்கும், தள்ளிப் போங்க" என்றிருக்கிறாள். பெற்ற மகளுக்கு 'போங்க'. அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை. அடுத்த நாள் என்னிடம் சொல்லும்போது, "பழகிடும் சார்" என்றாள். ஒன்றரை வருடம் ஆனது. மகள் பழகவில்லை.

இனி சமூகவியல் மேடம். புதிதாக வந்தவர், சும்மா இருக்கத் தெரியாதவர். தன் வகுப்பில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு மாதம் படம் வரைந்து பார்த்தார். சொந்த வண்டியில் வருபவர்கள் ஜன்னல் ஓரம். விடுதிக்காரர்கள் நடுவில். பேருந்தில் வருபவர்கள் கதவோரம் கடைசியில். ஒரு மாதமும் அந்தப் படம் மாறவில்லை. பேசிப் பார்த்தார், குழு பிரித்துப் பார்த்தார். மணி அடித்ததும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம் ஒரு யோசனை பிடித்தார். ஒவ்வொரு பிரிவாக முறை வைத்து, ஒவ்வொருவரும் வீட்டில் தினமும் புழங்கும் ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். அபூர்வமானது கூடாது. காலை எட்டரைக்குள் கூடத்தில் மேஜைமேல் வைத்து, பெயர் இல்லாமல் எண்சீட்டு மட்டும் சொருகிவிட்டுப் போய்விட வேண்டும். பத்து மணிக்கு எல்லோரும் சுற்றிவந்து, இது எப்படிப்பட்ட வீடு, யார் இதைத் தொடுகிறார்கள் என்று ஊகிப்பார்கள். பிறகு உரியவர் எழுந்து சொல்வார்.

அதற்கு நீள மேஜை நாலு, வெள்ளை விரிப்பு நாலு என்னிடம் வந்து கேட்டார்.

"கண்காட்சியா மேடம், ஏலமா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்ல சார். இவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்கணும், அவ்வளவுதான்."

"தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்காங்க?"

"எங்க பார்க்கிறாங்க?" என்றார்.

கேலி செய்தவன் நான்தான். ஆனால் முதல் தடவையே ஒன்று நடந்தது. ஜன்னல் ஓரத்துப் பையன் ஒருவன் தன் அப்பாவின் மாத்திரை டப்பாவை வைத்திருந்தான், காலை, மதியம், ராத்திரி என்று அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பா. நாலு பொருள் தள்ளி அச்சு அசலாக அதே டப்பா இன்னொன்று இருந்தது. அது கதவோரத்துப் பெண் ஒருத்தியுடையது, அவள் அம்மாவுக்கு. மூடி இறுகிக்கொண்டால் எப்படித் திறப்பது என்று இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். அடுத்த வாரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் மேஜைமேல் நடந்ததாயிற்றே, எனக்கும் கொஞ்சம் கர்வம் வந்தது.

மூன்றாவது தடவை வழுக்கும்மாவின் மகள் படிக்கும் பிரிவின் முறை.

அன்று காலை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நடந்ததை வழுக்கும்மா பிறகு என்னிடம் சொன்னாள். கூடத்தைத் துடைக்கப் போயிருக்கிறாள். மேஜைமேல் வரிசையாகச் சாமான்கள். பதினேழாம் சீட்டில் அவளுடைய முட்டித் திண்டு இருந்திருக்கிறது. வீட்டில் இருக்கும் பழையது. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறிச் சாயம் போய், நடுவில் இரண்டு முழங்காலும் பதிந்து குழி விழுந்தது. வெள்ளை விரிப்பின்மேல் அது கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

"வீட்டுல உருப்படியா ஒண்ணும் இல்லாம, கைக்குக் கிடைச்சதைத் தூக்கிட்டு வந்துட்டா போலன்னு நினைச்சேன் சார். இதைப் பார்த்தா யாரு வீட்டுப் பொண்ணுன்னு ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்களே" என்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மேஜையில் இருந்த எல்லாமே பழசுதான். பக்கத்தில் பெரிய பங்களாவிலிருந்து வந்த, பிடி உடைந்த குவளை ஒன்று இருந்தது. அதற்கடுத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய டார்ச். அவள் கண்ணுக்கு அதெல்லாம் படவில்லை. அடுத்த வீட்டுப் பழசு நமக்குப் பழசாகத் தெரிவதில்லை, நம் வீட்டுப் பழசு மட்டும்தான் உறுத்தும்.

விருந்தினர் அறைக் கண்ணாடி அலமாரியில் ஒரு பேப்பர் வெயிட் உண்டு. கனமான கண்ணாடி உருண்டை, உள்ளே நீலப் பூ. யாரோ எப்போதோ பரிசாகக் கொடுத்தது, யாரும் தொடுவதில்லை. வாரம் ஒருமுறை அவள்தான் துடைப்பாள். அந்தக் கட்டடத்திலேயே அழகான பொருள் அதுதான் என்பது அவள் முடிவு. திண்டை எடுத்துத் துடைப்பு வண்டியின் அடித்தட்டில் திணித்துவிட்டு, அலமாரியைத் திறந்து உருண்டையை எடுத்துப் பதினேழில் வைத்துவிட்டாள். பதினோரு மணிக்குள் திரும்ப வைத்துவிடலாம் என்று எண்ணம். அடியில் என் எண் இருந்ததே, அதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தாளாம். ஆனால் பதினோரு வருடமாக எண் இல்லாத பொருளையே அங்கே அவள் துடைத்ததில்லை. எல்லாப் பொருளுக்கும் அடியென்று ஒன்று இருந்தால் எண்ணும் இருக்கும் என்பதுபோல அவளுக்கு ஆகிவிட்டிருந்தது.

பத்து மணிக்கு நான் கூடத்தில் இருந்தேன். விரிப்பில் காபி கொட்டிவிடுவார்களோ என்று காவல் காக்கப் போனது. மாணவர்களோடு நானும் சுற்றி வந்தேன். கண்ணாடி உருண்டையைச் சுற்றி நல்ல கூட்டம். "பெரிய வீடுப்பா", "படிக்கிற மேஜை தனியா இருக்கிற வீடு" என்று ஊகித்துக்கொண்டிருந்தார்கள். என் கை சும்மா இருக்கவில்லை. எடுத்துக் கவிழ்த்தேன். வி.அ. 4. விருந்தினர் அறை, நாலாவது பொருள். என் கையெழுத்து.

"மேடம்!" என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி. "இது நம்ம ஸ்டோர் பொருள். அலமாரியில பூட்டி இருக்க வேண்டியது."

மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு பொருள் தப்பவிட்டதில்லை என்ற பெருமை.

"பதினேழு யாரு?" என்றார் மேடம்.

கதவோரக் கடைசி நாற்காலியிலிருந்து வழுக்கும்மாவின் மகள் எழுந்தாள். அந்த அலமாரிக்கு இரண்டே சாவிகள். ஒன்று என் இடுப்பில், இன்னொன்று அவள் அம்மாவிடம். அது நினைவுக்கு வருவதற்குள் வாய் பேசி முடித்துவிட்டது.

அவள் மேஜையைப் பார்த்தாள். தன் திண்டைத் தேடினாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பினாள். வெளியே தாழ்வாரத்தில், காலையிலேயே துடைத்த இடத்தை அவள் அம்மா மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தே சொல்லலாம்.

"இதை நீதான் வச்சியா?" என்றார் மேடம், மெதுவாகத்தான்.

"ஆமா மேடம். நான்தான் எடுத்தேன். வீட்டுல கொண்டு வர்ற மாதிரி ஒண்ணும் இல்ல."

ஜன்னல் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஒரே ஒரு சிரிப்பு, உடனே அடங்கியும் விட்டது. அம்மாவின் வேலை போய்விடக் கூடாதென்று அந்தப் பெண் ஐம்பது பேர் முன்னால் திருட்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

வழுக்கும்மா உள்ளே வந்தாள். ஈரக் காலோடு வந்தாள், பதினோரு வருடத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"நான்தான் வச்சேங்க மேடம். மேஜையைத் துடைக்கிறப்ப மாத்தி வச்சிட்டேன். அவங்க மேல தப்பு இல்ல."

"ஆனா இந்தப் பொண்ணு தான் எடுத்ததா சொல்லுதே? உங்களுக்கு இவளைத் தெரியுமா?"

வழுக்கும்மா மகளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க. இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

மகள், "நான் வச்ச திண்டு எங்க?" என்று கேட்டாள். மேடத்தை அல்ல, அம்மாவை.

"அது துடைக்கிறவங்களோடதுங்க. தப்பா மேஜைக்கு வந்திருச்சு."

"அது எங்க வீட்டோடது."

"இல்லீங்க."

"எங்க வீட்டோடதுன்னு சொல்றேன்ல?" குரல் உடைந்துவிட்டது.

"இல்லீங்க. உங்களோடது இல்ல அது. நீங்க வேற எதையாவது பார்த்திருப்பீங்க."

எனக்குத் தெரியும். அந்தக் கூடத்தில் எனக்கு ஒருவனுக்குத் தெரியும். வாயைத் திறந்து, இவள் இவளுடைய மகள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாக்குக் கொடுத்திருக்கிறோமே என்று கல்லுமாதிரி நின்றேன். சொல்ல வேண்டாததைக் கூவிச் சொன்ன வாய், சொல்ல வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை.

மகள் உட்கார்ந்துவிட்டாள். "சரி மேடம். நான் ஒண்ணும் கொண்டு வரல" என்றாள். மேடத்துக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கும், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் என்ன கேட்பதென்று அவருக்கும் தெரியவில்லை. பதினெட்டாம் எண்ணைக் கூப்பிட்டார். அது ஒரு சீப்பு.

வழுக்கும்மாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தேர்வுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவள் ஆசைப்பட்டது நடந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வகுப்பில் அந்தப் பெண்ணிடம் எல்லோரும் அளவுக்குமேல் அன்பாக ஆகிவிட்டார்கள். வீட்டில் ஒன்றுமே இல்லாத பெண் அல்லவா? ஜன்னல் ஓரத்துக்காரர்கள் சேர்ந்து அழகான குவளை ஒன்று வாங்கி, ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டவள், அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டைத் தனியாகப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து விடுதியில் இடம் கேட்டு எழுதிக்கொடுத்தாள். இடமும் கிடைத்தது. கட்டில், போர்வை, வாளி வாங்க என்னிடம்தான் வரவேண்டும். சீட்டை நீட்டினாள். சீட்டில் பெற்றோர் என்ற இடம் காலியாக இருந்தது.

"இதை எழுதலையேம்மா?"

"அவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது சார்."

நான் பேனாவை வைத்துவிட்டேன். "உன் நல்லதுக்குத்தானேம்மா அப்படிச் சொன்னாங்க? அவங்க கஷ்டம் உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் அந்தத் திண்டைக் கொண்டு வந்தேன். வீட்டுல வேற பொருள் இல்லாம இல்ல சார். ரேடியோ இருக்கு, கடிகாரம் இருக்கு. என்ன பேசணும்னு ஒரு வாரமா எழுதி எழுதிப் பார்த்தேன். 'நீங்க தினமும் தாண்டிப் போற அம்மாதான் எங்கம்மா. இது அவங்க முட்டி பதிஞ்ச இடம்'னு சொல்லிட்டு, வெளிய போய்க் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவங்க மாத்தி வச்சது பரவாயில்ல சார். ஆனா நான் கேட்டுக்கிட்டே நிக்கிறேன், மூணு தடவை இல்லைன்னாங்க. வீட்டுக்குப் போய் அவங்க முகத்தைப் பார்த்தா அதுதான் கேக்குது. சாப்பாடு இறங்கல."

காலி இடத்தில் ஒரு கோடு போட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, வாளிக்குள் போர்வையைச் சுருட்டி வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று மதியம் தேர்வுக் கட்டடத்துக்குப் போனேன். காலியாகக் கிடந்த பெரிய கூடத்தில் வழுக்கும்மா மேஜைகளுக்கு நடுவே துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. நானே பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மகள் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கையைப் பிடித்துக் கூட்டிவர இருந்தாள் என்பதுவரை சொன்னேன். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை.

அவள் துணியைப் பிழிந்தாள். மறுபடி பிழிந்தாள். அதில் தண்ணீரே இல்லை.

"கட்டில் குடுத்துட்டீங்களா சார்?"

"குடுத்துட்டேன்."

"ஜன்னல் பக்கமா போட்டிருக்காங்க?"

"ஆமாம்னு நினைக்கிறேன்."

"கொஞ்சம் சொல்லி உள்பக்கமா மாத்திடுங்க சார். எம் பொண்ணுக்குக் காத்து பட்டா ஒத்துக்காது" என்றாள். பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை.